தில்லியில் கிளி பார்க்க: கழுத்துக்கு முன்னால் மூக்கு, தோள்

அம்பாசமுத்திரத்திலிருந்து அத்தை வந்திருந்த நேரம் அது. ஆர்.கே. புரத்தில் எங்கள் வீட்டு பால்கனிக்கு நேர் எதிரே ஒரு வேப்பமரம் நிற்கிறது. பிப்ரவரி மாதக் காலை வெயிலுக்காக அத்தை நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பச்சையாக ஒன்று பறந்து வந்து கிளையில் அமர்ந்தது. கழுத்தில் வளையம் இல்லை. "பெண் கிளி அத்தை, நம்ம ஊர்ல பாக்கிறதுதான்" என்றேன். அத்தை கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இது நம்ம ஊரு கிளி இல்லட்டி. மூக்கப் பாரு, எவ்ளோ பெருசா இருக்கு!"

அத்தை சொன்னதுதான் சரி. அது பெண் கிளிதான், ஆனால் வேறு இனம். அதற்கு முன் இரண்டு வருடமாக நான் நோட்டில் எழுதி வைத்திருந்த கிளிகளில் எத்தனை தவறாகப் போயிருக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். கிளி என்றதும் முதலில் கழுத்தைப் பார்ப்பது என் பழக்கமாக இருந்தது. புதிதாகப் பறவை பார்க்க வருகிற எல்லோருக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது. படங்களில் நாம் பார்த்து வளர்ந்த கிளிக்கெல்லாம் கழுத்தில் அழகான வளையம் இருக்கும் அல்லவா? ஆனால் வளையம் வளர்ந்த ஆணுக்கு மட்டும்தான். பெண்ணையும் குஞ்சையும் சேர்த்தால் ஒரு கூட்டத்தில் பாதிக்கு மேல் வந்துவிடும். வளையத்தை நம்பி ஆரம்பித்தால் அந்தப் பாதிக்கும் மேற்பட்ட பறவைகள் என்ன இனம் என்றே தெரியாமல் போகும்.

அதனால் இந்தக் கட்டுரையில் பார்க்கும் வரிசையையே மாற்றித் தருகிறேன். முதலில் மூக்கு, அடுத்தது தோள், அதற்கப்புறம்தான் தலையும் கழுத்தும், கடைசியில் வாலும் குரலும். தில்லிக்குப் புதிதாக வந்த தமிழர்களை, அதிலும் குழந்தைகளோடு வருகிறவர்களை, மனதில் வைத்து எழுதுகிறேன். பைனாகுலர் இருந்தால் நல்லது, எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவதே போதும். இல்லாவிட்டாலும் ஆரம்பிக்கலாம். தில்லிக் கிளிகள் மனிதர்களுக்குப் பழகியவை, பக்கத்திலேயே உட்காரும்.

மூன்று பெயர்கள்

தில்லியில் நீங்கள் பார்க்கப் போவது பெரும்பாலும் மூன்று இனம்.

ஊரில் வெறுமனே பச்சைக்கிளி என்று சொல்கிறோமே, அதற்குச் செந்தார்ப் பைங்கிளி என்று பெயர். தார் என்றால் மாலை. சிவந்த மாலை போட்ட பசுங்கிளி. சங்கக் காலத்துப் பாட்டிலேயே இருக்கிற பெயர் இது. பறவையைக் கூர்ந்து பார்த்த யாரோ ஒருவர் வைத்த பெயர் என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும். ஹிந்தியில் இதைத் தோத்தா என்பார்கள்.

இரண்டாவது பெரிய பச்சைக்கிளி. ஹிந்தியில் ஹீராமன் தோத்தா, கிளி விற்கிறவர்கள் பேச்சில் பஹாடி தோத்தா. ஆங்கிலத்தில் மன்னன் அலெக்சாண்டரின் பெயரால் அலெக்சாண்ட்ரின் என்று அழைக்கிறார்கள். அத்தை கண்டுபிடித்தது இதைத்தான்.

மூன்றாவது செந்தலைக் கிளி. ஹிந்தியில் டுய்யா தோத்தா. நகரத்துக்குள் அரிது, தெற்குத் தில்லியின் ஆரவல்லிக் காட்டுப் பக்கம் போனால் வாய்ப்பு உண்டு.

முதலில், அது கிளிதானா?

சிரிக்காதீர்கள், தில்லியில் இந்தக் கேள்வி அவசியம். ஆலமரமோ அரசமரமோ பழுத்திருந்தால் அதற்குள் மூன்று நான்கு வகைப் பச்சைப் பறவைகள் இருக்கும். இலைக்கு நடுவில் பச்சையாக அசைவதெல்லாம் கிளி ஆகிவிடாது.

பச்சைப்புறா கூட்டமாக மர உச்சியில் காலை வெயிலில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். கால்கள் மஞ்சளாக இருக்கும். அதன் தோளிலும் இளம் ஊதாவாக ஒரு திட்டு உண்டு, அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். தலை சின்னது, அலகும் புறாவின் சின்ன அலகு. அடுத்தது பழுப்புத் தலைக் குக்குறுவான். இது 'குட்ரூ குட்ரூ' என்று மணிக்கணக்கில் கூப்பிடும் பருத்த பறவை. அலகு தடித்தும் நேராகவும் இருக்கும், கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் தெரியும், வால் குட்டை. மின்கம்பியில் ஒல்லியாக உட்கார்ந்து பூச்சி பிடிக்கிற பச்சைப் பறவை பஞ்சுருட்டான். அதன் அலகு கருப்பாக, ஊசி மாதிரி நீண்டிருக்கும்.

கிளிமூக்கு மாங்காய் சாப்பிட்டிருக்கிறீர்கள்தானே? அந்த நுனி எப்படி வளைந்திருக்கிறதோ அப்படித்தான் கிளியின் மேல் அலகும் கீழே மடங்கி இறங்கும். வடக்கேயும் அந்த மாங்காயைத் தோத்தாபுரி என்று கிளியின் பெயரால்தான் சொல்கிறார்கள். கிளி செய்கிற இரண்டு வேலைகளை அந்த மரத்தில் இருக்கிற மற்றப் பச்சைப் பறவைகள் செய்யாது. அலகால் கிளையைக் கவ்வி, மூன்றாவது கால் போல ஊன்றி ஏறும். பழத்தை ஒற்றைக் காலில் தூக்கிப் பிடித்து, கை மாதிரி வாய்க்குக் கொண்டுபோகும். இந்த இரண்டில் ஒன்றைப் பார்த்துவிட்டால் முகம் தெரியாவிட்டாலும் அது கிளிதான்.

மூக்கு

சரி, கிளிதான் என்று முடிவாகிவிட்டது. இப்போது மூக்கை மட்டும் பாருங்கள். வேறெதையும் பார்க்காதீர்கள், ஒரு நிமிடம் பொறுமையாக இருங்கள்.

செந்தார்ப் பைங்கிளியின் அலகு சிவப்பு. முகத்துக்கு அளவாக, எடுத்து வைத்தாற்போல இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கைக்குத் தினமும் இலையால் கட்டுகிற கிளிக்கு மாதுளம்பூவை மூக்காக வைப்பார்கள். அந்த நிறமும் அந்த அளவும்தான். இன்னொரு விஷயம், தெற்கிலிருந்து வருகிற நமக்கு உதவும். நம் ஊர்ப் பச்சைக்கிளிக்கு மேல் அலகு சிவப்பு, கீழ் அலகு பெரும்பாலும் கருப்பு. வடக்கே உள்ள அதே இனத்துக்குக் கீழ் அலகிலும் சிவப்பு தெரியும். இனம் ஒன்றுதான், வட்டாரம்தான் வேறு. இதைப் பார்த்து 'புது இனம்' என்று எழுதிவிடாதீர்கள்.

பெரிய பச்சைக்கிளியின் அலகு கனமானது. பக்கவாட்டில் பார்த்தால் முகத்தின் முன்பகுதி முழுக்க அலகாகவே தெரியும். தலையும் அதற்கேற்பப் பெரிதாக, நெற்றி சற்றுத் தட்டையாக இருக்கும். ஒரு தடவை இரண்டையும் ஒரே கிளையில் பார்த்துவிட்டீர்கள் என்றால் அதற்கப்புறம் குழப்பமே வராது. நல்லவேளையாகத் தில்லியில் அந்த வாய்ப்பு அடிக்கடி கிடைக்கிறது.

செந்தலைக் கிளியின் அலகு சிவப்பே இல்லை. ஆணுக்கு மேல் அலகு ஆரஞ்சு கலந்த மஞ்சள், பெண்ணுக்கு வெளிர் மஞ்சள். அலகு மஞ்சளாகத் தெரிந்தால் உடனே நின்றுவிடுங்கள், நல்ல பறவை ஒன்று உங்கள் முன்னால் இருக்கிறது.

உருவத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள், ஆனால் வாலோடு சேர்த்து அளக்க வேண்டாம். புத்தகங்களில் செந்தார்ப் பைங்கிளி சுமார் 40 செ.மீ., பெரிய பச்சைக்கிளி சுமார் 58 செ.மீ., செந்தலைக் கிளி சுமார் 36 செ.மீ. என்று போட்டிருக்கும். அதில் பாதிக்கு மேல் வால். வால் இறகு உதிர்ந்து முளைக்கிற காலத்தில் பெரிய கிளியே குட்டையாகத் தெரியும். உடம்பை மட்டும் பக்கத்தில் இருக்கிற பறவையோடு ஒப்பிடுங்கள். செந்தார்ப் பைங்கிளியின் உடம்பு மைனா அளவு, பெரிய பச்சைக்கிளியின் உடம்பு மாடப்புறா அளவு, செந்தலைக் கிளியின் உடம்பு மைனாவைவிடச் சின்னது. மைனாவும் புறாவும் இல்லாத இடம் தில்லியில் ஏது?

தோள்

என்னைக் கேட்டால் கிளி பார்ப்பதில் இதுதான் உயிர்நாடி. இறக்கையை மடக்கி வைத்திருக்கும்போது அதன் மேல்முனை, மனிதர்களுக்குத் தோள்பட்டை இருக்கும் இடம். அங்கே அடர்ந்த சிவப்பில், அரக்கு நிறத்தில், ஒரு திட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய பச்சைக்கிளிக்கு ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. செந்தார்ப் பைங்கிளிக்கு ஆணோ பெண்ணோ குஞ்சோ, எதற்கும் கிடையாது. செந்தலைக் கிளியில் ஆணுக்கு மட்டும் சின்னதாக ஒன்று இருக்கும்.

இந்த ஒரு இடத்தைப் பார்த்தாலே வளையம் இல்லாத கிளிகளில் பெரும்பாலானவற்றை இனம் பிரித்துவிடலாம். வளையம் இல்லை, மூக்கு பெரிது, தோளில் அரக்குத் திட்டு இருக்கிறது என்றால் பெரிய பச்சைக்கிளியின் பெண் அல்லது இளம்பறவை. வளையம் இல்லை, மூக்கு அளவானது, தோள் வெறும் பச்சை என்றால் செந்தார்ப் பைங்கிளியின் பெண் அல்லது இளம்பறவை. அன்றைக்கு வேப்பமரத்தில் நான் தோளைப் பார்த்திருந்தால் அத்தையிடம் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. திட்டு தெரியவில்லை என்பதும் திட்டு இல்லை என்பதும் ஒன்றல்ல. ஜனவரிக் குளிரில் கிளி இறகைப் புசுபுசுவென்று உப்ப வைத்து உட்கார்ந்திருக்கும்போது முதுகு இறகும் மார்பு இறகும் தோளை மூடிவிடும். இளம் பறவைக்குத் திட்டு மங்கலாகவும் இருக்கலாம். அது இறக்கையை நீட்டிச் சோம்பல் முறிக்கும் வரை காத்திருங்கள். கிளி ரொம்ப நேரம் சும்மா இருக்காது, இறகு கோதவோ இடம் மாறவோ செய்யும். அந்த ஒரு நொடியில் தோள் திறந்து காட்டும்.

தலையும் கழுத்தும்

இப்போது கழுத்துக்கு வரலாம். இனம் இன்னதென்று முன்பே முடிவாகிவிட்டதால், கழுத்தைப் பார்த்து ஆணா பெண்ணா, எத்தனை வயது என்று மட்டும் கண்டுபிடித்தால் போதும்.

செந்தார்ப் பைங்கிளி ஆணுக்கு மோவாயிலிருந்து ஒரு கருப்புப் பட்டை புறப்பட்டு, கன்னத்துக்குக் கீழே வளைந்து பின்னால் போகும். பிடரியில் அது ரோஜா நிற வளையத்தோடு சேரும். அதற்கு மேலே மெல்லிய நீலச் சாயல் தெரியும். பெண்ணுக்கு இது எதுவும் கிடையாது. அருகில் பார்த்தால் பச்சையிலேயே சற்று வேறுபட்ட பச்சையில் ஒரு மங்கலான கோடு சிலவற்றுக்குத் தெரியும், அவ்வளவுதான். பெரிய பச்சைக்கிளி ஆணுக்கும் இதே அமைப்பு, ஆனால் பிடரியில் உள்ள ரோஜா நிறம் அகலமாக இருக்கும்.

ஆண் குஞ்சு பிறந்ததும் வளையத்தோடு வருவதில்லை. ஏறத்தாழ மூன்றாவது வயதில்தான் முழு வளையம் போடும். அதுவரை அது பெண் மாதிரியே இருக்கும். ஆகவே வளையம் இல்லாததைக் கண்டதும் 'பெண்' என்று எழுதாதீர்கள், 'பெண் அல்லது இளம்பறவை' என்று எழுதுங்கள். கண்ணைப் பார்க்க முடிந்தால் இன்னும் கொஞ்சம் சொல்லலாம். வளர்ந்த கிளியின் கண்மணியைச் சுற்றி வெளிறிய மஞ்சள் வட்டம் இருக்கும், இமை ஓரம் சிவந்திருக்கும். குஞ்சின் கண் முழுக்கக் கருமையாகத் தெரியும், அதனாலேயே முகம் சாதுவாக இருக்கும். குஞ்சின் அலகும் வெளிறியிருக்கும், வால் குட்டை.

செந்தலைக் கிளி வேறு மாதிரி. ஆணின் தலை முழுவதும் பிளம் பழ நிறம். முகத்தில் சிவப்பாக ஆரம்பித்து உச்சியிலும் பிடரியிலும் நீலம் பூத்தாற்போல மாறும். அதன் கீழே மெல்லிய கருப்புக் கோடு. பெண்ணின் தலை சாம்பலும் நீலமும் கலந்தது, கழுத்தைச் சுற்றி மஞ்சள். கருப்புக் கோடும் கிடையாது, தோள் திட்டும் கிடையாது. முதல் முறை பார்ப்பவர்கள் ஆணையும் பெண்ணையும் இரண்டு இனம் என்றே நினைப்பார்கள், அப்படி நினைப்பதில் தப்பே இல்லை. இதன் குஞ்சுக்குத் தலையும் பச்சை. அப்போது மஞ்சள் மூக்கும் சின்ன உடம்பும்தான் துணை.

வெளிச்சம் ஏமாற்றும்

கிளியின் பச்சை நிறம் ஒரே சாயத்தால் வந்ததில்லை. இறகில் மஞ்சள் நிறமி இருக்கிறது. நீலம் நிறமியால் வருவதில்லை, இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தெரிகிறது. மஞ்சளும் நீலமும் சேர்ந்துதான் நம் கண்ணுக்குப் பச்சை. ஆகவே வெளிச்சம் மாறினால் பச்சையும் மாறும். காலை வெயிலில் மஞ்சளாக மினுங்கும், டிசம்பர் மூட்டத்தில் சாம்பல் பூத்துப்போகும், வானத்துக்கு எதிராக உட்கார்ந்தால் வெறும் கரி உருவம்தான். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி மரத்தைச் சுற்றி வந்து நில்லுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

கூட்டத்தில் எப்போதாவது முழு மஞ்சளாகவோ முழு நீலமாகவோ ஒரு கிளி தெரிந்தால் அதற்கும் விளக்கம் இதுதான். மஞ்சள் நிறமி இல்லாமல் பிறந்தால் நீலம் மட்டும் மிஞ்சும். கருநிறமி இல்லாமல் பிறந்தால் மஞ்சள் மேலோங்கும். கூண்டில் வளர்த்துப் பெருக்கிய பறவை தப்பி வந்து கூட்டத்தில் சேர்ந்திருக்கலாம். மூக்கையும் தோளையும் பாருங்கள், பழைய செந்தார்ப் பைங்கிளியாகவே இருக்கும்.

வாலும் குரலும் பறக்கும் விதமும்

தலைக்கு மேலே பறந்து போகிற கிளியிடம் தோளையோ கழுத்தையோ பார்க்க நேரம் இருக்காது. அப்போது குரல்.

செந்தார்ப் பைங்கிளி கீச்சென்று கூர்மையாக, 'கீயக், கீயக்' என்று கத்திக்கொண்டே நேர்கோட்டில் வேகமாகப் போகும். பெரிய பச்சைக்கிளியின் குரல் தடித்தது, தொண்டை கட்டிய மாதிரி கரகரப்பாக 'க்ரீஆ' என்று வரும். இறக்கை அடிப்பதும் நிதானம். ஒரு மாதம் காது கொடுத்துக் கேட்டால் வீட்டுக்குள் இருந்தபடியே இரண்டையும் பிரித்துவிடலாம். எங்கள் வீட்டில் இப்போது குக்கர் விசிலுக்கு நடுவிலும் பெரியது வந்தால் தெரிந்துவிடுகிறது. செந்தலைக் கிளி 'டூயி, டூயி?' என்று கேள்வி கேட்கிற மாதிரி மெல்லக் கூப்பிடும். டுய்யா என்ற ஹிந்திப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், அந்தக் கத்தல் மாதிரியே இருக்கும். பறக்கும்போது அதன் நீல வாலின் நுனி வெள்ளையாகத் தெரியும். மற்ற இரண்டுக்கும் வால் நுனி மஞ்சள் சாயல், வெள்ளை இல்லை.

எங்கே, எப்போது

பழகுவதற்கு லோதி தோட்டத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஜோர் பாக் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம், நுழைவுக் கட்டணம் இல்லை. தோட்டமாக 1936-இல் அமைத்தார்கள், உள்ளே இருக்கிற கல்லறைக் கட்டடங்களோ 15, 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அந்தப் பழைய சுவர்களில் கல் பெயர்ந்த பொந்துகள் நிறைய. கிளி பெரும்பாலும் இருக்கிற பொந்தில்தான் முட்டை வைக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை படா கும்பட், ஷீஷ் கும்பட் பக்கம் போய் நின்றால் ஒவ்வொரு பொந்துக்கும் சண்டை நடப்பதைப் பார்க்கலாம். செந்தார்ப் பைங்கிளி பார்த்து வைத்த இடத்தைப் பெரியது வந்து பிடுங்கும், நடுவில் மைனா நுழையும். பொந்து வாசலில் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிளியின் மூக்கைப் படிக்க அதைவிட வசதியான கோணம் கிடைக்காது.

இப்படிப் பயிற்சி செய்யுங்கள். ஷீஷ் கும்பட்டுக்கு எதிரே வெயில் முதுகில் படும்படி அரை மணி நேரம் உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் மூக்கை மட்டும் பார்த்து, பெரியது, அளவானது என்று மனதுக்குள் சொல்லுங்கள். அடுத்த பத்து நிமிடம் தோள். கடைசிப் பத்து நிமிடம்தான் கழுத்து. என் பக்கத்து வீட்டுப் பையனுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். அவனுக்கு ஒன்பது வயது, இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே என்னைத் திருத்த ஆரம்பித்துவிட்டான்.

பிப்ரவரி கடைசியில் இலவமரம் இலையெல்லாம் உதிர்த்து வெறும் சிவப்புப் பூவாக நிற்கும். இலை மறைக்காததால் கிளி முழு உடம்போடு தெரியும். பூவைக் கிள்ளித் தேனை உறிஞ்சிவிட்டுக் கீழே போடும், பூ விழும் சத்தத்தை வைத்தே மேலே எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். நிஜாமுதீன் பக்கத்தில் உள்ள சுந்தர் நர்சரியும் நல்ல இடம். ஆர்.கே. புரத்தில் இருப்பவர்கள் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகும்போது சாயங்காலம் கொஞ்சம் முன்னதாகப் போய்ப் படியில் நின்று பாருங்கள். இருட்டுவதற்கு முன் கூட்டம் கூட்டமாக அடைகிற மரத்தை நோக்கிப் போவதை மேலிருந்து பார்ப்பது ஒரு தனி சந்தோஷம். செந்தலைக் கிளிக்கு நகரத்தின் தெற்கு விளிம்பில் உள்ள அசோலா பட்டி சரணாலயம் போக வேண்டும். விடியற்காலை போங்கள், காலியாகத் திரும்பவும் தயாராக இருங்கள்.

நோட்டில் என்ன எழுதுவது

தேதி, நேரம், இடம், வெளிச்சம் எந்தப் பக்கம். அப்புறம் இனத்தின் பெயரை எழுதுவதற்கு முன், பார்த்ததை எழுதுங்கள். என் நோட்டிலிருந்து ஒரு வரி: 'காலை 8.10, வேப்பமரம், எதிர் வெயில். மூக்கு பெரிது, சிவப்பு. தோள் தெரியவில்லை. வளையம் இல்லை. குரல் கரகரப்பு.' இதன் பக்கத்தில் 'பெரிய பச்சைக்கிளியாக இருக்கலாம்' என்று பென்சிலில். பத்து நிமிடம் கழித்து அது இறக்கையை விரித்ததும் பேனாவால் உறுதி செய்தேன். பெயரை மட்டும் எழுதி வைத்தால் பின்னால் திருத்த முடியாது. பார்த்ததை எழுதியிருந்தால் ஐந்து வருடம் கழித்தும் திருத்தலாம். பிப்ரவரி மாதம் உலகம் முழுக்க நடக்கிற பறவைக் கணக்கெடுப்பில் நீங்களும் கலந்துகொண்டு ஈபேர்ட் செயலியில் பட்டியல் போட்டால் இந்தக் குறிப்புகள் அப்படியே உதவும். சந்தேகமானதை இனம் சொல்லாமல் 'கிளி' என்று மட்டும் பதிவு செய்யவும் அதில் வழி இருக்கிறது, தயங்காமல் பயன்படுத்துங்கள்.

தில்லியை விட்டு வெளியே போகும்போது பட்டியல் மாறும். கோடை விடுமுறைக்கு முசூரி, நைனிதால் போனால் கருஞ்சாம்பல் தலையோடு, மேல் மூக்கு சிவப்பாக, வால் நுனி மஞ்சளாக ஒரு கிளி தெரியும். அது இமயமலை இனம், செந்தலைக் கிளியின் பெண் என்று எண்ணிவிடாதீர்கள். மூக்கின் நிறம் காட்டிக் கொடுத்துவிடும். ஊருக்குப் போகிற வழியில் வால்பாறை, வயநாடு, குடகுப் பக்கம் தங்கினால் சாம்பல் நெஞ்சும் நீல இறக்கையும் கொண்ட கிளி இருக்கிறது. அது மேற்குத் தொடர்ச்சி மலைக்கே சொந்தமானது. அங்கேயே சின்னக்கிளியும் உண்டு, சிட்டுக்குருவி அளவு, குட்டை வால், இடுப்பில் சிவப்பு, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தூங்கும்.

கூண்டும் குஞ்சும்

இனம் பிரிக்கக் கற்றுக்கொண்டவர்கள் கண்ணில் இன்னொன்றும் படும். 'பஹாடி குஞ்சு, நன்றாகப் பேசும்' என்று சொல்லி யாராவது கூண்டோடு காட்டுவார்கள். மூக்கையும் தோளையும் பார்த்தால் பெரிய பச்சைக்கிளிக் குஞ்சு என்று உங்களுக்கே தெரியும். பொந்திலிருந்து எடுத்து வந்தது அது. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் இந்த இனத்தை அச்சுறுத்தலை நெருங்கும் நிலையில் வைத்திருப்பதற்கு இப்படிப் பிடிப்பதும் ஒரு காரணம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பது, விற்பது, வாங்கி வளர்ப்பது எல்லாமே குற்றம். பாவப்பட்டு விடுவிக்கலாம் என்று காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். நீங்கள் வாங்கினால் அடுத்த பொந்துக்கு ஏணி போடுவார்கள். வனத்துறையிடம் தகவல் சொல்லுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் பறக்கப் பழகும் குஞ்சுகள் மரத்தடியில் விழுந்து கிடக்கும். இறகு முழுக்க முளைத்து, கண் பளிச்சென்று இருந்தால் பக்கத்திலேயே தாய் இருக்கும். பூனைக்கும் நாய்க்கும் எட்டாத உயரத்தில் ஒரு கிளையில் ஏற்றி வைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். கடிக்கும், துண்டால் சுற்றிப் பிடியுங்கள். இறகு முளைக்காத குஞ்சாகவோ அடிபட்டதாகவோ இருந்தால் பாலும் ரொட்டியும் கொடுக்காதீர்கள். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து வைத்து மூடி, செங்கோட்டைக்கு எதிரே ஜெயின் லால் மந்திர் வளாகத்தில் இருக்கிற பறவை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். எங்கே கிடந்தது, எந்த மரத்தடி என்பதை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டி மேல் ஒட்டுங்கள். இனம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.